வாடும் மாலையும் வாடாத மாலையும்

அக்டோபர், செபமாலைக்குரிய மாதம். என் இளமைக் காலத்தில் பொன்மலை ரயில்வே குடியிருப்பில், பட்டறையின் மாலைச் சங்கு ஒலித்து ஆட்கள் வீடு திரும்பி முகம் கழுவியதும், தெருத்தெருவாக மாதா சுரூபத்தை எடுத்துச் சென்று செபமாலை சொல்லும் வழக்கம் இருந்தது. எங்கள் தெருவின் முறை வரும் நாளில் மாலை கட்டுவது என் அப்பாயியின் பொறுப்பு. திருவரங்கத்துச் சாத்தார வீதியிலிருந்து வந்த செண்டுமல்லியையும் சம்பங்கியையும் முறத்தில் பரப்பி, வாழைநாரை நீரில் நனைத்து வைத்துக்கொண்டு, விரல்களைப் பார்க்காமலேயே கட்டிக்கொண்டு போவார். கட்டி முடித்ததும் சுரூபத்தின் கழுத்திலிருந்து பாதம் வரை முழம் போட்டு அளப்பார். மாலை பருத்து முகத்தை மறைப்பதுபோல் தோன்றினால் அவிழ்த்து மீண்டும் கட்டுவார். "முகம் தெரியணும்" என்பது ஒன்றே அவருடைய கலைக்கொள்கை. மறுநாள் மாலைக்குள் அந்த மாலை வாடிக் கருகிவிடும்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், நான் உறுப்பினனாக இருந்த ஒரு பங்குக் குழுவில், பூச்செலவு மிகுந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. மார்கழியிலும் தையிலும் பூ விலை ஏறுவதை அறிந்தவர்கள் அந்தப் பேச்சில் நியாயம் இல்லை என்று கூற முடியாது. பிளாஸ்டிக் மாலைகள் இரண்டு வாங்கிவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று ஒருவர் கூற, மற்றவர்களோடு சேர்ந்து நானும் கை உயர்த்தினேன். அப்பாயி அப்போது மிகத் தளர்ந்திருந்தார். அந்த மாலையை எடுத்துக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தண்ணி தெளிக்க வேணாமாப்பா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, அறியாமல் கேட்டாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மலரோவியங்களைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது அந்தக் கேள்விதான். அங்கும் வாடாத மாலைகள் இருந்தன. அவற்றையும் அன்னை மரியாவுக்கே சூட்டினார்கள்.

'பரோக்' என்று கலை வரலாற்றார் அழைக்கும் காலம், ஏறத்தாழ 1600ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. அது பிறந்த சூழலை மறந்துவிட்டு அக்கால மலர்களைப் பார்ப்பவருக்கு அவை வெறும் அலங்காரமாகவே தோன்றும். 1566 ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப் நகரப் பேராலயத்தினுள் புகுந்த கூட்டத்தினர் சுரூபங்களையும் பீடங்களையும் உடைத்து நொறுக்கினர். நெதர்லாந்து நாடுகள் எங்கும் அதே கதை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1563 டிசம்பரில், திரெந்து பொதுச்சங்கம் திருவுருவங்களைப் பற்றித் தீர்ப்பு வழங்கியிருந்தது: உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம் மரத்தையோ வண்ணத்தையோ சேர்வதன்று, அவ்வுருவம் யாரைக் குறிக்கிறதோ அவரையே சேரும் என்பது அதன் சாரம். 1585இல் ஆண்ட்வெர்ப் மீண்டும் கத்தோலிக்க அரசின் கைக்கு வந்தபோது, வெறுமையாகிவிட்ட கோவில்களை நிரப்பவேண்டிய பணி ஓவியர்களுக்குக் காத்திருந்தது. உடைபட்ட உருவத்தை மீண்டும் எப்படி எழுப்புவது? முன்னைவிடப் பெரிதாக எழுப்பினோர் பலர். அதனை மலர்களால் சூழ்ந்து நிறுத்தலாம் என்று கண்டவர் சிலர்.

அச்சிலரில் முதல்வர்கள் ஒரு கர்தினாலும் ஓர் ஓவியரும். கர்தினால் பெதெரிகோ பொரோமேயோ (1564-1631) மிலான் நகரின் பேராயர். புனித சார்லஸ் பொரோமேயோவின் ஒன்றுவிட்ட தம்பி. ஓவியர் யான் புரூகல் (1568-1625) ஆண்ட்வெர்ப் நகரத்தவர். இருவரும் இளமையில் உரோமையில் அறிமுகமாகி, பின்னர் வாழ்நாள் முழுதும் கடிதத் தொடர்பில் இருந்தனர். மிலானில் அம்புரோசியானா நூலகத்தை 1609இல் திறந்த பொரோமேயோ, 1618இல் தம் ஓவியங்களையும் அதற்கே கொடையாக அளித்தார். அவற்றுள் ஒன்று, ஒரு சாணைவிடச் சற்றே பெரிய செப்புத் தகட்டில் தீட்டப்பெற்றது. நடுவே அன்னையும் பாலனும். சுற்றிலும் ஒரு மலர்வளையம். வளையத்தைப் புரூகலும், அன்னையை ஹென்ட்ரிக் வான் பாலன் என்னும் ஓவியரும் 1607-08ஆம் ஆண்டுகளில் தீட்டினர். 'மாலை ஓவியம்' என்றொரு தனி வகைக்கு இதுவே தொடக்கம் எனக் கருதுவர். பின்னர் ரூபன்சோடு சேர்ந்தும் புரூகல் அத்தகைய மாலைகளைத் தீட்டினார். கர்தினாலுக்காக 1621இல் தீட்டிய ஒன்று, நெப்போலியன் படைகள் மிலானுக்குள் புகுந்த 1796இல் பிரான்சுக்குப் போய் இன்றும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. மாலையைக் கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை.

புரூகலின் வேலைமுறை நம்மூர்ப் பூக்கட்டுபவருக்கு வியப்பூட்டும். மலரைக் கண்முன் வைத்தே அவர் தீட்டினார். 1606இல் கர்தினாலுக்கு எழுதிய கடிதத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட மலர்கள் கொண்ட ஒரு பூங்கொத்தைத் தீட்டி வருவதாகவும், ஆண்ட்வெர்ப்பில் கிடைக்காத சிலவற்றை நேரில் கண்டு வரைவதற்காகப் பிரஸ்ஸல்ஸ் வரை சென்றதாகவும் தெரிவிக்கிறார். ஒவ்வொரு மலருக்கும் ஒரு பருவம் உண்டு. வசந்தத்தின் தொடக்கத்தில் மலர்வது கோடையில் இல்லை. ரோஜா மலரும்போது துலிப் உதிர்ந்திருக்கும். ஆதலால் ஓர் ஓவியம் முடிய மாதங்கள் பல ஆயின. ஒரு மலரைத் தீட்டி, அடுத்ததற்கு இடம் விட்டு, அது மலரும் வரை காத்திருந்தார். முடிந்த ஓவியத்திலோ மார்ச்சு மாத மலரும் ஜூலை மாத மலரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. இயற்கையில் எந்த நாளிலும் எவரும் கட்ட முடியாத மாலை அது. ஓர் ஆண்டின் நாள்களையெல்லாம் ஒரே வளையத்தில் கோத்து, அதனை அன்னையின் முன் வைப்பதே அவ்வோவிய அமைப்பின் உட்பொருள் என்று எனக்குப் படுகிறது.

அதே பூங்கொத்தின் அடியில் ஓர் ஆபரணத்தையும் சில காசுகளையும் புரூகல் தீட்டியிருந்தார். மலர்கள் பொன்னையும் மணியையும் வெல்கின்றனவா இல்லையா என்பதைக் கர்தினாலே தீர்மானிக்கட்டும் என்பது அவர் விடுத்த மெல்லிய அறைகூவல். பொரோமேயோ, தம் ஓவியத் தொகுதியைப் பற்றி 1625இல் எழுதிய சிறு நூலில் இதற்கு மறுமொழி தருகிறார்: ஓவியத்தில் உள்ள மணியின் மதிப்பு எவ்வளவோ அவ்வளவையே ஓவியத்தின் விலையாகத் தாம் கொடுத்ததாக. ஒரு கர்தினாலும் ஓர் ஓவியரும் இவ்வாறு விளையாடிக்கொண்டார்கள் என்பதைப் படிக்கையில் மனம் மகிழ்கிறது.

இனி அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். புரூகலின் வளையத்தில் மலர்கள் நெருக்கமாக இருப்பினும் ஒன்றையொன்று அதிகம் மறைப்பதில்லை. ஒவ்வொரு மலரும் தன் முகத்தைப் பார்ப்பவரை நோக்கித் திருப்பியிருக்கும். பின்னணி இருள், ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து வெளிர்நிற மலர்களை முதலில் தொடும். பெரிய மலர்களுக்கு இடையே உள்ள சந்துகளில் சிறு மலர்களும், அவற்றின்மேல் ஒரு வண்டோ வண்ணத்துப்பூச்சியோ. மாலையின் நடுவிலோ மலர் இல்லை. இத்தனை உழைப்பும் ஒரு விளிம்பிற்கே! நடுவிடத்தைத் தாம் எடுத்துக்கொள்ளாமல் மற்றொரு ஓவியருக்கு விட்டுக்கொடுத்து, அவர் தீட்டப்போகும் முகத்திற்காகச் சுற்றுப்புறத்தை அணிசெய்வது மலரோவியரின் பங்கு. 'முகம் தெரியணும்' என்ற அப்பாயியின் கொள்கை இங்கேயும் இருக்கக் கண்டேன்.

மலர்களின் குறிப்புப்பொருளுக்கு வருவோம். லீலி மலர் தூய்மையின் அடையாளம் என்பதைச் சூசையப்பர் சுரூபத்தின் கோலைக் கண்டு வளர்ந்த நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ரோஜா அன்னையின் மலர்; அதன் முள் மகனின் பாடுகளை நினைவூட்டுவது. இலத்தீனில் செபமாலைக்குரிய பெயரே ரோஜாத் தோட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் அதனை 'மாலை' என்றே அழைக்கிறோம். மாலை ஓவியத்தின் முன் நின்ற அக்காலக் கத்தோலிக்கர் தம் கையிலிருந்த மணிகளையும் ஓவியத்தின் மலர்களையும் ஒன்றாகவே கண்டிருப்பர். வாள் போன்ற இலையுடைய ஐரிஸ், வியாகுல மாதாவின் இதயத்தை ஊடுருவிய வாளாயிற்று. தரையோடு ஒட்டி மலரும் வயலட் தாழ்ச்சியைக் குறித்தது. கொலம்பைன் என்னும் மலரின் பெயரில் புறாவைக் குறிக்கும் இலத்தீன் சொல் இருப்பதால் அது தூய ஆவிக்குரியதாயிற்று. கார்னேஷன் மலரை டச்சு மொழியில் 'ஆணிப்பூ' என்று அழைத்தனர். ஆதலால் அது சிலுவையின் ஆணியானது. பாரசீக, துருக்கி நாடுகளிலிருந்து வந்த 'அரச கிரீடம்' என்னும் உயர்ந்த மலர் தலைகவிழ்ந்தே நிற்கும். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் கடந்து சென்றபோது தான் மட்டும் தலைவணங்க மறுத்ததற்காக, இன்றளவும் கண்ணீர்த் துளிகளோடு குனிந்து நிற்கிறது என்பது மக்களிடை வழங்கிய கதை.

இத்தகைய பட்டியலை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. ஒவ்வொரு இதழுக்கும் ஓர் அகராதிப் பொருள் கற்பித்து ஓவியத்தைப் புதிர்போல் அவிழ்ப்பவர்கள் உண்டு. ஆனால் துலிப் மலர் மாலையில் இடம்பெற்றதற்கு அதன் விலையும் ஒரு காரணம். ஆலந்தில் துலிப் கிழங்கின் மேல் மக்கள் கொண்ட பேராசை வெறியாகி, 1637 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் சரிந்து பலரை வாட்டியது. அதன்பின் அம்மலர் செல்வத்தின் நிலையாமையைக் குறிப்பதாகவும் ஆயிற்று. முதலில் பெருமை, பின்னர் எச்சரிக்கை: ஒரே மலர்தான். பொருள் மலரில் பாதியும், காண்பவரின் நினைவில் பாதியுமாக இருக்கிறது.

இதனை எனக்கு உணர்த்தியவர், பட்டறையில் என்னோடு பணியாற்றிய திருவரங்கத்து நண்பர் ஒருவர். அவர் வீட்டு வேலியில் ஊதாநிற மலர் ஒன்று படர்ந்திருந்தது. "இது கிருஷ்ண கமலம் சார். சுற்றி இருக்கிற இழையெல்லாம் நூறு கௌரவர்கள். மேலே அஞ்சு பேர் பாண்டவர்கள். நடுவிலே உருண்டையா இருக்கிறது கண்ணன்" என்று ஒரு பூவைப் பறித்துக் காட்டினார். நான் வியந்து நின்றேன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதே குடும்பத்து மலரைக் கண்ட ஸ்பானிய மறைப்பணியாளர்கள் அதனைப் 'பாடுகளின் மலர்' என்று அழைத்தனர். உரோமையில் ஜாக்கொமோ போசியோ என்பார் திருச்சிலுவையைப் பற்றி 1610இல் வெளியிட்ட நூலில் அதன் உறுப்புகளுக்கு விளக்கம் தந்தார். பின்வந்தோர் அதனை விரித்துரைத்தனர்: இழைகள் முள்முடி, ஐந்து மகரந்தப்பைகள் ஐந்து காயங்கள், மேலே பிரிந்து நிற்கும் மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள். நான் இதைச் சொன்னபோது நண்பர் மலரை என் கையில் வைத்து, "அப்ப இது உங்க பூவும்தான்" என்றார். திருவரங்கத்தில் மலர்த்தொண்டின் மரபு எவ்வளவு பழமையானது என்பதை அறிந்தவர் அவர். நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்த தொண்டரடிப்பொடி ஆழ்வாரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஒருவேளை புரூகலின் மாலையை அவர்தாம் என்னைவிட விரைவில் புரிந்துகொண்டிருப்பார்.

மாலை ஓவியத்தின் முழு மலர்ச்சியைக் காண நாம் புரூகலின் மாணவர் ஒருவரிடம் செல்லவேண்டும். தானியேல் செகர்ஸ் 1590 டிசம்பர் 3 அன்று ஆண்ட்வெர்ப்பில் பிறந்தார். தந்தை இறந்தபின் தாய் கால்வின் மரபைத் தழுவி வட நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்ததால், சிறுவனும் அங்கேயே வளர்ந்தான். திருவுருவங்கள் இல்லாத கோவில்களைக் கண்டு வளர்ந்த பிள்ளை அவன். இளைஞனாகத் தாய்நகர் திரும்பி, புரூகலிடம் பயின்று, 1611இல் ஓவியர் சங்கத்தில் இடம்பெற்று, கத்தோலிக்கத் திருச்சபைக்கும் திரும்பினான். 1614இல் இயேசு சபையில் சேர்ந்தபோது குருவாக அன்று, துறவறச் சகோதரராகவே சேர்ந்தார். சமையல், தச்சு, தோட்டம், ஓவியம் எனக் கைத்தொழிலால் சபைக்குத் தொண்டாற்றியவர்கள் இச்சகோதரர்கள். நம் நாட்டில் மங்களூரின் புனித அலோசியஸ் கல்லூரிச் சிற்றாலயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியங்களால் நிறைத்த அந்தோனியோ மொஸ்கேனியும் அத்தகைய சகோதரரே. திருப்பலி நிறைவேற்றுபவர்களின் பெயர்கள் நம் நினைவில் நிற்கின்றன. பீடத்தை அணிசெய்தவர்களின் பெயர்கள் அவ்வளவாக நிற்பதில்லை.

செகர்ஸ் தம் ஆசிரியரின் முழு வளையத்தை உடைத்தார். கல்லில் செதுக்கியது போன்ற ஒரு சட்டத்தை முதலில் அமைத்து, அதன் மேலும் கீழும் பக்கங்களிலும் மலர்க்கொத்துகளைத் தனித்தனியே பொருத்தினார். கொத்துகளுக்கிடையே கல் தெரியும். அந்த வெற்றிடம் கண்ணுக்கு ஓய்வளிக்கும். ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் ஒளிமிக்க மலர்கள். ஓரங்களை நோக்கிச் செல்லச் செல்ல நிறம் மங்கி, ஐவிக்கொடியும் முட்செடியும் இருளில் கரையும். சட்டத்தின் நடுவே அன்னையின் உருவம் பெரும்பாலும் வண்ணமின்றி, சாம்பல் நிறக் கற்சிற்பம் போன்று காட்சியளிக்கும். அதைத் தீட்டியவர்கள் கொர்னேலிஸ் ஸ்கூட், எராஸ்முஸ் குவெல்லினுஸ் போன்ற பிற ஓவியர்கள். உயிருள்ள நிறமெல்லாம் மலருக்கு. நடுவே உள்ளது அசையாத கல். இதைக் காண்போர் இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்ப இயலாது. மலர் நம் உலகத்தது, வாடக்கூடியது. அது சூழ்ந்து நிற்பது ஒரு திருவுருவத்தை. அவ்வுருவமும் அன்னையன்று, அன்னையைக் குறிப்பதே. திரெந்து சங்கம் வாக்கியத்தில் சொன்னதைச் செகர்ஸ் வண்ணத்தில் சொல்லிவிட்டார் எனலாம்.

அவர் தம் ஓவியங்களை விற்றதில்லை. தம் கைப்பட எழுதிவைத்த பட்டியலில் 239 ஓவியங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றை இயேசு சபை கோவில்களுக்கும் அரசர்களுக்கும் அன்பளிப்பாக வழங்கியது. தம் பெயருடன் 'இயேசு சபையைச் சேர்ந்தவர்' என்றே கையொப்பமிட்டார். 1645இல் தாமஸ் வில்லபோர்ட்ஸ் பொஸ்கார்ட் என்பவரோடு சேர்ந்து, அன்னையின் சிற்பத்தைச் சூழ்ந்த மாலை ஒன்றைத் தீட்டினார். அது போய்ச் சேர்ந்த இடம் வியப்புக்குரியது: ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த புராட்டஸ்டாண்ட் இளவரசர் பிரடெரிக் ஹென்றியின் அரண்மனை! ஆண்ட்வெர்ப்பைக் கைப்பற்றத் துடித்தவர் அவர்; மூன்றாண்டுகள் கழித்து 1648இல்தான் சமாதானம் வந்தது. அவரது ஆட்சியில் பொது இடத்தில் திருப்பலி நிறைவேற்றத் தடை இருந்தது. அன்னையின் உருவம் தனியே சென்றிருந்தால் வாயிலிலேயே நின்றிருக்கும். மலர்களின் துணையால் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டது. அக்குடும்பத்தார் பொன்னாலான பரிசுகளைத் துறவிக்கு அனுப்பி மகிழ்ந்தனர். அவ்வோவியம் இன்று ஹேக் நகரின் மௌரிட்சுயிஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து நம் சோழமண்டலக் கரைக்கு வருவது நீண்ட தாவல் போலத் தோன்றலாம். ஆனால் அக்காலக் கப்பல்கள் அந்தத் தூரத்தை ஓயாமல் கடந்துகொண்டிருந்தன. டச்சுக்காரர் 1610இல் பழவேற்காட்டிலும் 1658இல் நாகப்பட்டினத்திலும் கால்பதித்தனர். 1928இல் நாகப்பட்டினத்து ரயில்வே பட்டறை பொன்மலைக்கு இடம்பெயர்ந்தபோது உடன் வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பாயி பிறந்த மண் அதுவே. அக்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற சரக்குகளில் மிகவும் விரும்பப்பட்டது பூவெழுதிய பருத்தித் துணி. சீட்டி என்று நாம் வழங்குவதும் அதன் வழிவந்ததே. பெரிய விரிப்புகளில் ஒரே மரம் எழுந்து நிற்கும். அதன் கிளைதோறும் வெவ்வேறு இன மலர்கள் பூத்திருக்கும். ஒரு மரத்தில் நூறு வகைப் பூ. புரூகலின் மாலையில் எல்லாப் பருவங்களும் ஒன்றுகூடியதுபோல, நம் கலைஞர்களின் மரத்தில் எல்லாச் செடிகளும் ஒன்றுகூடின.

இந்தப் பூக்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதை உலகிற்குத் தெரிவித்தவர் ஓர் இயேசு சபைக் குரு. பிரான்சு நாட்டவரான காஸ்டோன் கேர்து அடிகள் (1691-1779) 1742 ஜனவரியில் எழுதிய கடிதம் அது. தாம் அண்மையில் திருமுழுக்களித்தவர்களுள் இத்தொழிலில் வல்லவர்கள் சிலர் இருந்தனர் என்றும், அவர்களைத் தனித்தனியே பலமுறை வினவி ஒப்பிட்டுப் பார்த்தே எழுதுவதாகவும் அவர் குறிப்பிடுகிறார். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். கட்டையால் அடித்து வழுவழுப்பாக்குவர். காகிதத்தில் வரைந்த பூவின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, அதன்மேல் கரித்தூள் முடிச்சைத் தட்டிப் படத்தைத் துணியில் இறக்குவர். கறுப்புக் கோட்டுக்கு இரும்பு ஊறிய புளித்த நீர். நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் தோய்ப்பர். சிவப்பிற்குப் படிகாரக் கரைசலைத் தூரிகையால் எழுதுவர். எழுதும்போது அதில் நிறம் ஏதும் இராது. பின்னர் சாயவேர் இட்டுக் காய்ச்சும்போதே படிகாரம் பட்ட இடங்கள் சிவந்து பூ வெளிப்படும். சாண நீரில் அலசி வெயிலில் விரித்தால் பின்னணி வெளுக்கும், பூ நிலைக்கும். துவைக்கத் துவைக்கப் பொலிவு பெறும் மலர்கள் அவை.

தமிழ் மண்ணின் பரோக் கால மலரோவியர்கள் இவர்களே என்று நான் துணிந்து கூறுவேன். அவர்களுள் சிலராவது அன்னையின் முன் முழங்காலிட்டவர்கள் என்பது நமக்குப் பெருமை. எனினும் கேர்து அடிகளின் கடிதம் பிரெஞ்சுத் தொழிலுக்குப் பயன்படட்டும் என்ற நோக்கமும் உடையது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம்பிக்கையோடு சொல்லப்பட்ட தொழில் நுணுக்கம் கடல்கடந்து போய் அச்சாயிற்று. ஐரோப்பாவின் ஆலைகள் பூத்துணியைத் தாமே அச்சிடத் தொடங்கியபின் சோழமண்டலக் கரையின் தூரிகைகள் மெல்ல ஓய்ந்தன. அந்தக் கொடுக்கல் வாங்கல் சமமானதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே நூற்றாண்டில், கொள்ளிடக் கரைக்கு அருகே ஏலாக்குறிச்சியில், இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த மற்றொரு இயேசு சபைக் குரு வேறு வகை மாலையொன்றைத் தொடுத்தார். வீரமாமுனிவர் 1726இல் நிறைவுசெய்த காப்பியத்திற்குத் 'தேம்பாவணி' என்று பெயரிட்டதை நாம் அனைவரும் அறிவோம். தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும், தேம்பாத, அதாவது வாடாத, அணி என்றும் அப்பெயரை இருவகையாகப் பிரிப்பர். 3615 பாக்களால் ஆன அம்மாலை சூசையப்பருக்குச் சூட்டப்பட்டது. மாலை ஓவியங்கள் கொழித்த கத்தோலிக்க ஐரோப்பாவிலிருந்து வந்தவர் அவர். நம் இலக்கிய மரபிலோ பாமாலை சூட்டுவது பன்னூற்றாண்டு வழக்கம். இரண்டு மாலைகளின் நாரும் அவருடைய கையில் ஒன்றாயின.

ஆக, வாடாத மாலை என்பது நம் திருச்சபைக்குப் புதிதன்று. அவ்வாறாயின் பிளாஸ்டிக் மாலைக்குக் கை உயர்த்திய நான் செய்ததில் என்ன பிழை? இக்கேள்வியோடு நெடுநாள் இருந்தேன். பொரோமேயோ தாம் மலரோவியங்களை விரும்பியதற்குத் தாமே ஒரு காரணம் சொல்கிறார்: குளிர்காலத்தில் எல்லாம் பனிக்கட்டியால் மூடப்படும்போது, தோட்டத்தில் ஒரு மலரும் இல்லாதபோது, அவை தம் கண்ணுக்கு வசந்தத்தைக் கொணர்ந்தன என்று. அவருடைய நாட்டில் பாதி ஆண்டு மலர் கிடையாது. அங்கே வாடாத மலர், இல்லாததற்கு ஈடாக வந்தது. அதையும் ஒருவர் பருவம் பருவமாகக் காத்திருந்து, பயணம் செய்து, கண் நோகத் தீட்டினார். திருச்சியில் நமக்குப் பனிக்காலம் ஏது? எட்டரையிலிருந்தும் போசம்பட்டியிலிருந்தும் விடியுமுன் பூக்கூடைகள் திருவரங்கத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நாங்கள் வாங்கிய மாலைக்காக எவரும் காத்திருக்கவில்லை. அது எவருடைய உழைப்பையும் அன்னையின் முன் கொண்டுவரவில்லை. மாறாக ஒருவருடைய உழைப்பை வேண்டாமென்று அனுப்பிவிட்டது. அடுத்த அக்டோபரில் அப்பாயி முறத்தை எடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். அப்பாயி கட்டிய செண்டுமல்லியும் சம்பங்கியும் மெக்சிகோ நாட்டுப் பூக்கள். கப்பலேறி வந்து நம் மண்ணில் ஊன்றியவை. அதே செண்டுமல்லி, துலிப்புக்கும் ரோஜாவுக்கும் இடையே நெதர்லாந்து ஓவியர்களின் பூங்கொத்துகளிலும் தலைகாட்டுகிறது. அதை முதன்முதலாக ஒரு படத்தில் அடையாளம் கண்ட நாளில், பொன்மலை வீட்டின் திண்ணையில் ஈர வாழைநாரின் மணம் எழுந்ததுபோல் இருந்தது.

சகோதரர் செகர்ஸ் 1661ஆம் ஆண்டு நவம்பர் 2 அன்று ஆண்ட்வெர்ப்பில் இறந்தார். அந்நாள் கல்லறைத் திருநாள். ஆண்டுதோறும் அந்நாளில் பொன்மலையில் நம் மக்கள் கல்லறைகளைக் கழுவி, மெழுகுதிரி ஏற்றி, பூப்போடுகிறார்கள். அப்பாயியின் கல்லறைக்கு நான் செண்டுமல்லி கொண்டுபோவேன். கட்டத் தெரியாததால் உதிரியாகவே பரப்பி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு வருவேன்.